ராஜா வேண்டாம்னாரு, பிரதமர் வேணும்னாரு: முதல் உலகப்போர்ல கிரேக்கம் ரெண்டா உடைஞ்சது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த சண்டை? யாருக்கும் யாருக்கும்?

கிரேக்க ராஜா முதலாம் கான்ஸ்டன்டைனுக்கும் அவரோட பிரதமர் எலெஃப்தெரியோஸ் வெனிசெலோஸுக்கும் 1915ல வெடிச்ச சண்டை. முதல் உலகப்போர் நடந்துட்டு இருக்கு, ஒரு பக்கம் நேச நாடுகள்னு சொல்ற பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, இன்னொரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா, துருக்கி. கிரேக்கம் என்ன பண்றது? எதுலயும் தலையிடாம இருப்போம்னு ராஜா, பிரிட்டன் பக்கம் சேர்ந்துடுவோம்னு பிரதமர். கேக்க சாதாரண கருத்து வேறுபாடு மாதிரி இருக்கும். ஆனா ரெண்டே வருஷத்துல நாட்டுக்கு ரெண்டு தலைநகர், ரெண்டு அரசாங்கம், ரெண்டு ராணுவம்னு ஆயிடுச்சு, கடைசில ராஜா நாட்டை விட்டே போக வேண்டியதாச்சு. கிரேக்கர்கள் இதுக்கு வச்ச பேரு எத்னிகோஸ் திகாஸ்மோஸ், தேசியப் பிளவுன்னு அர்த்தம்.

ரெண்டு பேரும் எப்படிப்பட்ட ஆளுங்க?

வெனிசெலோஸ் கிரீட் தீவுக்காரர், 1864ல பிறந்தவர், வக்கீல். 1905லயே ஒரு ராஜகுமாரனோட மோதின ஆளு, அந்த ராஜகுமாரன் யாருன்னா கிரீட்டுக்கு ஹை கமிஷனரா இருந்த ஜார்ஜ், நம்ம கான்ஸ்டன்டைனோட சொந்தத் தம்பி. தெரிஸோங்கிற மலைக்கிராமத்துல ஆயுதத்தோட உக்காந்து கலகம் பண்ணி, கடைசில தம்பிக்காரர் பதவியை விட்டுட்டு போற அளவுக்கு கொண்டு வந்துட்டாரு. 1910ல ஏதென்ஸுக்கு வந்து பிரதமர் ஆனாரு. பேச்சுல மயக்குற ஆளு, லண்டன்லயும் பாரிஸ்லயும் இவரைப் பாத்தவங்க எல்லாம் விழுந்துட்டாங்க.

கான்ஸ்டன்டைன் 1868ல பிறந்தவர், ராணுவக்காரர், ஜெர்மனில போர்ப்படிப்பு படிச்சவர். 1912, 1913 பால்கன் போர்கள்ல படையை நடத்தினது இவர்தான். அப்பா முதலாம் ஜார்ஜை 1913 மார்ச்ல தெசலோனிகி தெருவுல ஒருத்தன் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம் பட்டத்துக்கு வந்தாரு. இன்னொரு விஷயம், 1453ல கான்ஸ்டான்டிநோபிள் (இன்னிக்கு இஸ்தான்புல்) துருக்கியர் கையில விழுந்தப்ப செத்த கடைசி பைசாண்டிய சக்கரவர்த்தி பேரும் கான்ஸ்டன்டைன்தான், பதினோராவது. அதனால இவரை பன்னெண்டாம் கான்ஸ்டன்டைன்னு கூப்பிட்ட ஜனங்க நிறைய, நகரத்தை மீட்கப் போறவர் இவர்தான்னு ஒரு நம்பிக்கை. பேர்ல இருக்கிற பாரம் கொஞ்சநஞ்சமில்ல.

போருக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தாங்களா?

வெளியில பாத்தா பிரமாதமான ஜோடி. ஒருத்தர் ராஜதந்திரம், ஒருத்தர் வாள். ரெண்டு பால்கன் போர் முடிஞ்சப்ப நாட்டோட பரப்பளவு சுமார் 64,000 சதுர கிலோமீட்டர்ல இருந்து ஏறக்குறைய 1,20,000 ஆயிடுச்சு. ஆனா உள்ளுக்குள்ள புகைச்சல் 1912லயே ஆரம்பம். அந்த வருஷம் படையை மொனாஸ்டிர் பக்கம் (இன்னிக்கு வட மாசிடோனியால பிதோலான்னு சொல்ற ஊரு) கொண்டு போகணும்னு அப்ப இளவரசரா இருந்த கான்ஸ்டன்டைன் ஆசைப்பட்டாரு, எதிரியான துருக்கி ராணுவம் அங்க இருக்கு, அதை முறியடிக்கணும்னு ராணுவக்காரன் புத்தி. வெனிசெலோஸ் வேண்டவே வேண்டாம், பல்கேரியாக்காரன் போய் சேர்றதுக்குள்ள தெசலோனிகியைப் பிடின்னு தந்தி மேல தந்தி அடிச்சாரு. தெசலோனிகி கையில வந்துச்சு, பல்கேரியப் படை கிட்டத்தட்ட பின்னாடியே வந்து நின்னுச்சு. பிரதமர் சொன்னதுதான் சரின்னு ஆயிடுச்சு, அது ராஜாவுக்கு மறக்கலன்னு எனக்கு தோணும்.

ராஜா ஜெர்மனிக்காரன் ஆளா? மனைவி கெய்சரோட தங்கச்சின்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். ஆமா, ராணி சோஃபியா ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியமோட தங்கச்சி, அதாவது கெய்சர் இவருக்கு மச்சான். 1913ல மச்சான் கூப்பிட்டு ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் பட்டம் கூட குடுத்தாரு, அந்த ஜெர்மன் யூனிஃபார்ம்ல எடுத்த போட்டோவை நேச நாட்டுப் பத்திரிகைகள் போட்டு போட்டு தேய்ச்சுடுச்சு.

ஆனா குடும்பத்தை முழுசா பாருங்க. பிரிட்டன் ராஜா ஐந்தாம் ஜார்ஜோட அம்மாவும் ரஷ்ய ஜார் நிக்கோலஸோட அம்மாவும் கான்ஸ்டன்டைனோட அப்பாவுக்கு கூடப்பொறந்தவங்க. அப்ப ரெண்டு பேருமே இவருக்கு அத்தை மகன், நம்ம கணக்குல அவங்களும் மச்சான்தான்! பத்தாததுக்கு இவரோட அம்மா ஓல்கா ரஷ்ய அரச குடும்பத்துப் பொண்ணு. மூணு பக்கமும் மச்சான் இருக்கிறவரை ஒரு மச்சானை மட்டும் வச்சு எடை போட்டா எப்படி.

ஜெர்மன் ராணுவம் தோக்காதுன்னு நம்பினாரு, அதுல சந்தேகமே இல்ல. அதுக்காக ஜெர்மனி பக்கம் சேர்ந்து போர் பண்ணணும்னு சொன்னதில்ல. 1914 ஆகஸ்ட்லயே கெய்சர் எங்க பக்கம் வான்னு தந்தி அடிச்சப்ப, எங்க நாட்டை சுத்தி கடல், கடல்ல பிரிட்டன் பிரான்ஸ் கப்பல், ஒரு நாள்ல எங்க தீவுகளும் துறைமுகங்களும் போயிடும், நான் நடுநிலைன்னுதான் பதில் போச்சு. கெய்சருக்கு செம கோவம்.

வெனிசெலோஸ் ஏன் போர்ல குதிக்கணும்னு துடிச்சாரு?

துருக்கி ஜெர்மனி பக்கம் சேர்ந்துடுச்சு. சின்ன ஆசியாவுல (இன்னிக்குத் துருக்கியோட ஆசியப் பகுதி), ஸ்மிர்னா (இன்னிக்கு இஸ்மிர்) மாதிரி ஊர்கள்ல லட்சக்கணக்கான கிரேக்கர்கள் வாழ்ந்துட்டு இருந்தாங்க. அவங்களையும் அந்த மண்ணையும் கிரேக்கத்தோட சேக்கணுங்கிறது அந்தக் காலத்து கிரேக்கர்களோட பெருங்கனவு, மெகாலி இதேயா. போர்ல துருக்கி தோத்தா அந்த நிலத்தைப் பங்கு போடுவாங்க, பந்தில உக்காராதவனுக்கு இலை போட மாட்டாங்கங்கிறதுதான் வெனிசெலோஸ் கணக்கு. கடலை ஆள்றவன்தான் கடைசில ஜெயிப்பான், கிரேக்கம் கடல் நாடு, அதனால பிரிட்டனைப் பகைச்சுக்க முடியாதுன்னும் நம்பினாரு.

1915 ஜனவரில பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே, ஆஸ்திரியாவோட போராடிட்டு இருந்த செர்பியாவுக்கு உதவிக்கு வந்தா சின்ன ஆசியால நிலம் தர்றோம்னு ஆசை காட்டினாரு. வெனிசெலோஸ் ஒரு படி மேல போய், பல்கேரியாவை சமாதானப்படுத்த இப்பதான் ரத்தம் சிந்தி ஜெயிச்ச கவாலா பகுதியையே குடுத்துடலாம்னு ராஜாவுக்கு எழுதினாரு. சின்னதை விட்டு பெருசைப் பிடிக்கலாம்னு கணக்கு. ஆனா அந்தப் போர்ல படைக்கு தலைமை தாங்கின மனுஷன்கிட்ட போய் இதைச் சொன்னா எப்படி இருக்கும்?

ராஜா தரப்புல நியாயமே இல்லையா?

இருக்கு, நிறையவே இருக்கு. நாடு ரெண்டு போர் முடிச்சு மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. பல்கேரியா 1913 பால்கன் போர்ல பறிகுடுத்ததை திருப்பிப் பிடிக்க பல்லைக் கடிச்சுக்கிட்டு எல்லையில நிக்குது, அதுவும் எந்தப் பக்கம்னு சொல்லாமயே. படையை கப்பல்ல ஏத்தி வேற எங்கயாவது அனுப்பிட்டா வீட்டுக்கு பின்பக்கக் கதவு திறந்து கிடக்கும். இதை ராஜாவை விட அழுத்தமா சொன்னது ராணுவத் தலைமையகத்துல இருந்த கர்னல் இயோவானிஸ் மெட்டாக்ஸாஸ். சின்ன ஆசியாவைப் பத்தி அவர் சொன்னது இன்னும் முக்கியம், கடற்கரைல ஒரு துண்டு நிலத்தைப் பிடிக்கலாம், ஆனா உள்நாட்டுல முழுக்க துருக்கியர், அனடோலியா மேட்டுநிலத்துக்குள்ள இழுத்துட்டுப் போனா முடிவே இல்லாம போயிடும்னாரு. 1922ல என்ன நடந்துச்சுன்னு கீழ வரும், படிச்சுட்டு திரும்ப இந்தப் பத்திக்கு வாங்க.

முதல் தடவை எப்ப முறிஞ்சது?

1915 மார்ச்ல, தார்தனெல்ஸ் விஷயத்துல. பிரிட்டிஷ் பிரெஞ்சு கப்பல்கள் அந்த ஜலசந்தியை உடைச்சு கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போகப் பாத்துச்சு. பல டிவிஷன்கள் சேர்ந்த ஒரு படைப்பிரிவை அனுப்புவோம்னாரு வெனிசெலோஸ். மெட்டாக்ஸாஸ் ராஜினாமா பண்ணிட்டாரு. ராஜா பழைய பிரதமர்களை எல்லாம் கூப்பிட்டு அரண்மனைல ஆலோசனை வச்சாரு. கான்ஸ்டான்டிநோபிள்னு பேரு கேட்டதுமே ராஜாவுக்கும் ஒரு நிமிஷம் மனசு ஆடியிருக்கும், பேரே அதுதானே. வெனிசெலோஸ் அனுப்புற படையோட அளவை ஒரே ஒரு டிவிஷனா குறைச்சுக் கூட கேட்டுப் பாத்தாரு. கடைசில ராஜா முடியாதுன்னுட்டாரு, மார்ச் 6ல வெனிசெலோஸ் பதவி விலகினாரு. இதுல ஒரு வேடிக்கை, கிரேக்கப் படை அந்த நகரத்துக்குள்ள கால் வைக்கக்கூடாதுன்னு ரஷ்யாவும் அதே நேரத்துல சொல்லிடுச்சு. நேச நாடுகளே ஒருத்தருக்கொருத்தர் ஒத்துவராம இருந்தப்ப இங்க ரெண்டு பேர் அதுக்காக அடிச்சுக்கிட்டாங்க.

எலெக்‌ஷன்ல ஜெயிச்சு திரும்பி வந்தாரே, அப்புறமும் எப்படி அனுப்பினாங்க?

இதுதான் மொத்தக் கதையோட முடிச்சு. ஜூன்ல தேர்தல், வெனிசெலோஸோட லிபரல் கட்சிக்கு தெளிவான பெரும்பான்மை. ராஜா அப்ப நுரையீரல் உறை அழற்சில சாகக் கிடந்தாரு, டீனோஸ் தீவுல இருந்து மாதாவோட அற்புதத் திருவுருவப் படத்தைக் கப்பல்ல கொண்டு வந்து படுக்கை பக்கத்துல வச்சாங்க, பிழைச்சாரு. ராஜா பக்தி ஜனங்ககிட்ட இன்னும் ஏறிடுச்சு. வெனிசெலோஸ் ஆகஸ்ட்லதான் பதவி ஏத்தாரு.

செப்டம்பர்ல பல்கேரியா செர்பியாவை அடிக்க படை திரட்ட ஆரம்பிச்சது. செர்பியாவோட 1913ல போட்ட ஒப்பந்தப்படி செர்பியாவை பல்கேரியா தாக்கினா கிரேக்கம் உதவிக்கு வரணும். கொடுத்த வாக்கை காப்பாத்தணும்னாரு வெனிசெலோஸ். ராஜா தரப்பு சொன்னது என்னன்னா, அந்த ஒப்பந்தம் பால்கனுக்குள்ள நடக்கிற சண்டைக்கு போட்டது, ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து வர்ற போருக்கு இல்ல, அதோட செர்பியா 1,50,000 வீரர்களை பல்கேரியாவுக்கு எதிரா நிறுத்தணும்னு அதுலயே இருக்கு, இப்ப அவங்களால முடியாது. உடனே வெனிசெலோஸ் அந்த 1,50,000 பேரை நீங்க அனுப்ப முடியுமான்னு பிரிட்டனையும் பிரான்ஸையும் கேட்டாரு. சரின்னுட்டாங்க. இப்ப ராஜாவுக்கு இன்னும் சிக்கல், ஏன்னா சாக்கு போச்சு, அந்நியப் படை வேற உள்ள வருது.

நாடாளுமன்றத்துல விவாதம் நடந்து வெனிசெலோஸ் ஓட்டெடுப்புலயும் ஜெயிச்சாரு. மறுநாளே அரண்மனைக்கு கூப்பிட்டு, இந்தக் கொள்கைக்கு என் சம்மதம் இல்லன்னுட்டாரு ராஜா. உள்நாட்டு விஷயத்துல ஜனங்க தீர்ப்புக்கு கட்டுப்படுறேன், ஆனா வெளிநாட்டு விஷயத்துல கடவுளுக்கு பதில் சொல்ல வேண்டியவன் நான், எனக்கு சரின்னு பட்டதைத்தான் செய்வேன்னு ராஜா தன்கிட்ட சொன்னதா வெனிசெலோஸ் பின்னாடி சொன்னாரு. அக்டோபர் 5ல பிரதமர் வீட்டுக்குப் போறாரு, அதே அக்டோபர் 5ல தெசலோனிகி துறைமுகத்துல பிரெஞ்சு பிரிட்டிஷ் சிப்பாய்ங்க இறங்குறாங்க. கூப்பிட்ட ஆளு பதவில இல்ல, வந்த விருந்தாளி திரும்பிப் போகல.

சட்டப்படி யாரு பண்ணது சரி?

எழுத்துல பாத்தா அரசியல் சட்டம் ராஜாவுக்கு நிறைய குடுத்திருந்துச்சு. மந்திரிகளை நியமிக்கிறது, நீக்குறது, போர் அறிவிக்கிறது, ஒப்பந்தம் போடுறது, சபையைக் கலைக்கிறது எல்லாம் ராஜா பேர்லதான். ஆனா மந்திரி கையெழுத்து இல்லாம ராஜாவோட எந்த உத்தரவும் செல்லாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு. அதுக்கும் மேல 1875ல இருந்து ஒரு வழக்கம், சபைல யாருக்கு பெரும்பான்மை இருக்கோ அவரைத்தான் பிரதமர் ஆக்கணும். வெனிசெலோஸ் வாதம் எளிமையானது: மார்ச்ல ராஜா என்னை மறுத்தது ஓகே, ஜனங்ககிட்ட கேக்கலாம்னு கலைச்சாரு, கேட்டாச்சு, ஜனங்க பதில் சொல்லியாச்சு, அதே கேள்விக்கு ரெண்டாவது தடவையும் கலைக்க உரிமை கிடையாது.

ராஜா ஆளுங்க என்ன சொன்னாங்கன்னா, ஜூன்ல ஜனங்க போருக்கு ஓட்டுப் போடல, வெனிசெலோஸுங்கிற மனுஷனுக்கு ஓட்டுப் போட்டாங்க, பிரசாரத்துல அவரே போரைப் பத்தி அடக்கி வாசிச்சாருன்னு. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. இருந்தாலும் என்னைக் கேட்டா மார்ச்ல ராஜா பண்ணது தப்பில்ல, அக்டோபர்ல பண்ணது தப்பு. அவர் நடுநிலை நல்ல யோசனையாவே இருந்திருக்கலாம், ஆனா ஜெயிச்சு வந்தவரை மறுபடி வெளில அனுப்பின அன்னிக்கே அது நாட்டோட கொள்கையா இல்லாம ராஜாவோட சொந்தக் கொள்கை ஆயிடுச்சு. டிசம்பர்ல நடந்த தேர்தலை லிபரல் கட்சி புறக்கணிச்சது, அதோட பாதி நாடு சபைக்கு வெளிய நின்னுச்சு.

சைப்ரஸை சும்மாவே தர்றேன்னாங்களாமே, உண்மையா?

தர்றேன்னது உண்மை, ஆனா சும்மா இல்ல. 1915 அக்டோபர்ல, செர்பியாவுக்கு உடனே உதவிக்கு போனா சைப்ரஸ் உங்களுக்குன்னு பிரிட்டன் சொன்னுச்சு. அப்ப பிரதமரா இருந்த ஸைமிஸ் வேண்டாம்னுட்டாரு. இன்னிக்கு வரைக்கும் சைப்ரஸ் பேச்சு வந்தா யாராவது ஒருத்தர் இதைச் சொல்லி தலையில அடிச்சுக்குவாங்க.

பெல்ஜியம் நடுநிலையை ஜெர்மனி மீறிடுச்சுன்னுதானே பிரிட்டன் போருக்கே வந்துச்சு, அப்ப நடுநிலையான கிரேக்கத்துல இவங்க இறங்கினது எந்த ஊர் நியாயம்?

ராஜா ஆளுங்களும் இதையேதான் கேட்டாங்க. நேச நாடுகள் ரெண்டு பதில் வச்சிருந்தாங்க. ஒண்ணு, எங்களை கூப்பிட்டது உங்க பிரதமர்தான் (அவர் வெளில பேருக்கு ஒரு எதிர்ப்பு கடிதம் குடுத்துட்டு உள்ளுக்குள்ள சம்மதிச்சாரு). ரெண்டு, கிரேக்கம் தனி நாடா உருவானப்ப பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா மூணும்தான் உத்தரவாதம் குடுத்த நாடுகள், அதனால உங்க அரசியல் சட்டம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்குற பொறுப்பு எங்களுக்கு உண்டு. ரெண்டாவதைக் கேட்டா சிரிப்பு வரும். ஆனா கப்பல் அவங்ககிட்ட இருந்துச்சு.

1916 ஜனவரில பிரெஞ்சுக்காரங்க கோர்ஃபு தீவை எடுத்துக்கிட்டாங்க, தோத்து வந்த செர்பிய ராணுவத்தை அங்கதான் வச்சு தேத்தினாங்க.

ஜனங்க ராஜா மேல எப்ப சந்தேகப்பட ஆரம்பிச்சாங்க?

ரூபெல் கோட்டைல. 1916 மே 26ல ஜெர்மன் பல்கேரியப் படை ஸ்ட்ரிமோன் ஆத்துக் கணவாய்ல இருந்த அந்தக் கோட்டையைக் கேட்டுச்சு, ஏதென்ஸ் உத்தரவுப்படி கோட்டையை ஒப்படைச்சாங்க. நேச நாடுகளுக்கு தெசலோனிகி குடுத்தா அவங்களுக்கு ரூபெல் குடுக்கறதுதானே சமநிலைன்னு அரண்மனைல நினைச்சாங்க போல. காகிதத்துல அது சமநிலை, ஆனா பல்கேரியாக்காரன்கிட்ட கோட்டையைக் குடுத்ததை மாசிடோனியா ஜனங்க எப்படி பாத்திருப்பாங்கன்னு யோசிங்க. ஆகஸ்ட்ல பல்கேரியப் படை கிழக்கு மாசிடோனியா முழுக்க பரவிடுச்சு, கவாலால இருந்த கிரேக்க நாலாவது படைப்பிரிவு சண்டையே போடாம சரணடைஞ்சது. ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்களை ரயில்ல ஏத்தி ஜெர்மனில கோர்லிட்ஸ்ங்கிற ஊருக்கு கொண்டு போய் போர் முடியற வரைக்கும் வச்சாங்க, கைதின்னும் சொல்லல விருந்தாளின்னும் சொல்ல முடியல.

ரெண்டு அரசாங்கம் எப்படி வந்துச்சு?

ஆகஸ்ட் 30ல தெசலோனிகில சில அதிகாரிங்க கலகம் பண்ணாங்க, தேசியப் பாதுகாப்புன்னு பேரு வச்சு. செப்டம்பர் கடைசில வெனிசெலோஸ் ராத்திரியோட ராத்திரியா ஏதென்ஸை விட்டு கிரீட்டுக்கு போயி, அங்க இருந்து தீவு தீவா சுத்தி அக்டோபர்ல தெசலோனிகி போய் சேர்ந்தாரு. அட்மிரல் குந்தூரியோதிஸ், ஜெனரல் தாங்லிஸ், இவருன்னு மூணு பேர் சேர்ந்து தற்காலிக அரசாங்கம். வடக்கும் தீவுகளும் பெரும்பாலும் இவங்க பக்கம், பழைய கிரேக்கம்னு சொல்ற தெற்குப் பகுதி ராஜா பக்கம். நடுவுல பிரெஞ்சுக்காரங்க ஒரு இடைப்பட்ட மண்டலம் போட்டு காவல் காத்தாங்க. சொந்த நாட்டுக்குள்ள வடக்குக்கும் தெற்குக்கும் நடுவுல அந்நியன் காவல், இதை விட கேவலம் என்ன வேணும்.

ஏதென்ஸ்ல துப்பாக்கிச் சண்டை நடந்துச்சாமே?

1916 டிசம்பர் 1. பிரெஞ்சு அட்மிரல் தார்ட்டீஜ் து ஃபுர்னே, ராஜா ராணுவத்தோட பீரங்கிகளை ஒப்படைக்கச் சொல்லி, சுமார் 3,000 கடற்படை வீரர்களை பிரேயஸ் துறைமுகத்துல இறக்கி ஏதென்ஸுக்கு நடத்திக் கூட்டிட்டு வந்தாரு. கைகலப்பெல்லாம் வராது, சும்மா ஒரு அணிவகுப்பு காட்டினா போதும்னு நினைச்சு வந்த மாதிரிதான் இருந்துச்சு. மலைமேடுகள்ல கிரேக்க சிப்பாய்ங்களும், மெட்டாக்ஸாஸ் திரட்டி வச்சிருந்த ரிசர்விஸ்ட் சங்கத்துக்காரங்களும் காத்துட்டு இருந்தாங்க. சுட ஆரம்பிச்சதும் அட்மிரலே ஸாப்பியோன் மண்டபத்துக்குள்ள மாட்டிக்கிட்டாரு, கப்பல்ல இருந்து பீரங்கி குண்டுகள் ஊருக்குள்ள வந்து விழுந்துச்சு, அரண்மனை பக்கத்துலயும் விழுந்துச்சு. சாயங்காலம் சமரசம் பேசி, பேருக்கு சில பீரங்கி குடுக்க ஒத்துக்கிட்டு, வந்தவங்க திரும்பிப் போனாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் நடந்ததுதான் அசிங்கம், ரெண்டு நாளா வெனிசெலோஸ் ஆளுங்க வீடு, கடை, பத்திரிகை ஆபீஸ்னு தேடித் தேடி அடிச்சாங்க, கொன்னாங்க.

அதே மாசம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு (நம்ம காலண்டர்ல, அங்க டிசம்பர் 12) ஏதென்ஸ் பேராயர் தெயோக்லிதோஸ் ஊருக்கு வெளில மைதானத்துல வச்சு வெனிசெலோஸை சபிச்சு சபையை விட்டு தள்ளினாரு. ஆயிரக்கணக்குல ஜனங்க ஆளுக்கொரு கல்லைக் கையில எடுத்துட்டு வரிசையா வந்து, சாபம் சொல்லிட்டு கல்லைப் போட்டுட்டுப் போனாங்க, கல்லு குவிஞ்சு மேடாயிடுச்சு. நம்ம ஊர்ல மண்ணை வாரித் தூத்துற மாதிரி, ஆனா பேராயர் தலைமைல. இதே மனுஷனுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி ஓட்டுப் போட்டவங்களும் அந்த வரிசைல இருந்திருப்பாங்க.

பதிலுக்கு நேச நாடுகள் கடல் முற்றுகை போட்டாங்க, தானியக் கப்பல் வரல. ராஜா பக்கத்துக் கிரேக்கம் அந்தக் குளிர்காலம் பூரா பசியில கிடந்துச்சு. பசிக்கு காரணம் யாருன்னு கேட்டா அவங்க ராஜாவைச் சொல்லல, வெனிசெலோஸைத்தான் சொன்னாங்க, 1920ல அதுக்கு கணக்கு தீத்தாங்க.

ராஜா கடைசில எப்படி போனாரு? பதவி துறந்தாரா?

முறைப்படி துறக்கல. ரஷ்யால ஜார் விழுந்ததும் இவருக்காகப் பேச அங்க ஆள் இல்லாம போச்சு. 1917 ஜூன்ல ழொன்னார்ங்கிற பிரெஞ்சு தூதர் வந்து, ராஜா போகணும், மூத்த மகனும் வேண்டாம்னு கெடு வச்சாரு. கேள்விப்பட்டதும் ஜனங்க அரண்மனையைச் சுத்தி உக்காந்துட்டாங்க, வண்டி வெளில போக விடல. எப்படியோ அவங்க கண்ணுல படாம குடும்பம் தத்தோய் பங்களாவுக்குப் போய், ஓரோபோஸ்ங்கிற சின்ன துறைமுகத்துல இருந்து கப்பல் ஏறினாங்க. அங்கயும் அழுகைதான். ரெண்டாவது மகன் அலெக்ஸாண்டரை ராஜாவாக்கினாங்க. வெனிசெலோஸ் ஏதென்ஸ் திரும்பி 1915 ஜூன்ல தேர்ந்தெடுத்த சபையையே மறுபடி கூட்டினாரு, செத்துப் பிழைச்ச சபைங்கிறதால லாசரஸ் சபைன்னு கிண்டல் பேரு. கிரேக்கம் போர்ல சேர்ந்துச்சு. மெட்டாக்ஸாஸையும் ராஜாவோட பிரதமரா இருந்த குனாரிஸையும் கோர்சிகா தீவுக்கு நாடு கடத்தினாங்க. ராஜா ஆளுங்க பண்ணதைக் குறை சொன்னவங்களே இப்ப அதிகாரிங்க, நீதிபதிங்கன்னு ஆளை ஆளா வேலையை விட்டுத் தூக்கினாங்க.

குரங்கு கடிச்சு ராஜா செத்தாருன்னு ஒரு கதை உண்டே?

கதை இல்ல, நிஜம். 1920 அக்டோபர்ல அலெக்ஸாண்டர் தத்தோய் தோட்டத்துல நாயையும் குரங்கையும் விலக்கப் போய் கடி வாங்கி, புண் சீழ் பிடிச்சு செத்துட்டாரு. அடுத்த மாசம் தேர்தல். வெனிசெலோஸ் அப்பதான், தோத்த துருக்கியோட போட்ட செவ்ர் ஒப்பந்தத்துல ஸ்மிர்னா, திரேஸ் எல்லாம் வாங்கிட்டு வந்திருக்காரு, ரெண்டு கண்டம் அஞ்சு கடல் கிரேக்கம்னு அவர் ஆளுங்க பெருமை பேசிட்டு இருந்தாங்க. தோத்தாரு, சொந்த சீட்டு கூட போச்சு. 1912ல இருந்து பிள்ளைங்களை ராணுவத்துக்கு அனுப்பி அனுப்பி ஜனங்க களைச்சுட்டாங்க. பொது வாக்கெடுப்பு வச்சு கான்ஸ்டன்டைனை திரும்பக் கூப்பிட்டாங்க, 99 சதவீதம் ஆதரவாம். அந்த சதவீதத்தைப் பாத்தாலே தெரியுது.

போர் வேண்டாம்னு சொன்னவர் திரும்பி வந்தாரே, போர் நின்னுச்சா?

நிக்கல, அதுதான் கொடுமை. பையன்களை வீட்டுக்கு கூட்டிட்டு வர்றோம்னு ஓட்டு வாங்கினவங்க, ஸ்மிர்னாவை விட மனசு வராம அனடோலியாவுக்குள்ள, 1915ல மெட்டாக்ஸாஸ் போகாதீங்கன்னு சொன்ன அதே மேட்டுநிலத்துக்குள்ள போனாங்க. தலைமை ஏத்துக்கோன்னு மெட்டாக்ஸாஸையே கேட்டாங்க, அவர் மாட்டேன்னுட்டாரு. கான்ஸ்டன்டைன் வந்ததைச் சாக்கா வச்சு நேச நாடுகள் கடன் உதவியை நிறுத்திட்டாங்க. 1922 ஆகஸ்ட்ல துருக்கியர் அடிச்சதுல கிரேக்கப் படை சிதறுச்சு, செப்டம்பர்ல ஸ்மிர்னா எரிஞ்சது. ராஜா பதவி துறந்து, 1923 ஜனவரில பலெர்மோல இறந்தாரு. குனாரிஸ் உட்பட மூணு முன்னாள் பிரதமர்கள், ரெண்டு மந்திரிகள், ஒரு தளபதின்னு ஆறு பேரை அந்தத் தோல்விக்கு காரணம்னு ராணுவ நீதிமன்றம் விசாரிச்சு சுட்டுக் கொன்னுச்சு, குனாரிஸுக்கு அப்ப டைஃபாய்டு, ஆஸ்பத்திரில இருந்துதான் தூக்கிட்டு வந்தாங்க. 2010ல அந்தத் தீர்ப்பை கிரேக்க உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு, கேஸ் போட்டது அந்த ஆறுல ஒருத்தரோட பேரன். சுமார் 12 லட்சம் பேர் அகதியா கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தாங்க, அந்தக் குடும்பங்க தலைமுறை தலைமுறையா வெனிசெலோஸ் கட்சிக்கும் ராஜா எதிர்ப்புக்கும்தான் ஓட்டுப் போட்டாங்க.

நாடு கடத்தப்பட்டவங்கள்ல ராஜாவோட தம்பி ஆண்ட்ரூவும் ஒருத்தர். அவரோட கைக்குழந்தையை ஆரஞ்சுப் பெட்டில படுக்க வச்சு பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல கொண்டு போனாங்க. அந்தக் குழந்தைதான் பின்னாடி எலிசபெத் ராணியோட கணவர் ஃபிலிப்.

ஒவ்வொரு இடத்துலயும் தேதி வேற வேறயா இருக்கே, எது சரி?

ரெண்டுமே சரி. கிரேக்கம் 1923 வரைக்கும் பழைய ஜூலியன் காலண்டர், 13 நாள் பின்னாடி. அதனால டிசம்பர் 1 சண்டையை அவங்க நவம்பர் 18னு எழுதுவாங்க, பேரே நவம்பர் நிகழ்வுகள்தான். இங்க குடுத்திருக்கிறது எல்லாம் இப்போதைய காலண்டர்படி.

கடைசில ரெண்டு பேரும் சமாதானம் ஆனாங்களா?

இல்ல, 1917க்கு அப்புறம் ஒரே ஊர்ல ஆட்சியில இருந்ததே இல்ல, ஒருத்தர் உள்ள வந்தா இன்னொருத்தர் வெளில. வெனிசெலோஸ் 1936 மார்ச்ல பாரிஸ்ல இறந்தாரு. உடலை ஏதென்ஸுக்கு கொண்டு வந்தா கலவரம் வரும்னு பயந்து கப்பலை நேரா கிரீட்டுக்கு விட்டாங்க, கனியா ஊருக்கு மேல கடலைப் பாத்த மாதிரி ஒரு மேட்டுல புதைச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல, இத்தாலில இருந்த கான்ஸ்டன்டைன் உடலையும் சோஃபியா உடலையும் கப்பல்ல கொண்டு வந்து தத்தோய்ல அடக்கம் பண்ணாங்க. அப்ப அரியணைல இருந்தது ழொன்னார் வேண்டாம்னு சொன்ன அந்த மூத்த மகன் ஜார்ஜ், சர்வாதிகாரியா நாட்டை ஆண்டுட்டு இருந்தது மெட்டாக்ஸாஸ்.